ஓப்பன் பாட் போட்டால் 8 ஹெச்பியா? பானெட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

செந்தூல் பிஸ்டன் | இரவு 8:52

வாட்ஸ்அப்பில் ஒரு டைனோ தாள் சுற்றுகிறது, வண்டியை ரோலரில் ஓட்டிச் சக்தி அளக்கும் மெஷினின் தாள். டொயோட்டா 1.5 வியோஸ் கார், 1என்ஸெட் எஞ்சின், ஆட்டோ கியர். கம்பெனி போட்ட ஸ்டாக் ஏர்பாக்ஸோடு (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) சக்கரத்தில் 86 ஹெச்பி (குதிரைசக்தி), பெட்டியே இல்லாத ஓப்பன் பாட் ஃபில்டர் மாட்டியதும் 94. கீழே கொட்டை எழுத்தில் "வெறும் ஃபில்டர் மட்டும், 8 ஹெச்பி உறுதி" என்று விளம்பரம். இதை நம்பி நம் பையன்கள் 300, 400 ரிங்கிட் கொடுக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

கணக்கு எளிது. 86-க்கு 8 என்றால் 9 சதவீதத்துக்கு மேல். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினில் ஃபில்டரைத் திறந்து மட்டும் 9 சதவீதம் ஏற வேண்டுமானால், பழைய பாக்ஸும் ஃபில்டரும் சேர்ந்து ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்திருக்க வேண்டும். அதே அழுத்தத்தைத் தண்ணீர்க் குழாயில் அளந்தால் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம். புது பேப்பர் ஃபில்டர் இந்த அளவு எஞ்சினில் 10 சென்டிமீட்டர் காட்டினாலே அதிகம். மீதி 80 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது?

அந்தத் தாளை எடுத்தவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. டைனோவில் ஓட்டும்போது பானெட் (எஞ்சின் மேல்மூடி) திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

வியோஸ் வேலு | இரவு 9:10

அந்தத் தாளை குரூப்பில் போட்டவன் நான்தான், மறைச்சுப் பேச ஒண்ணுமில்ல. மெஷின் பொய் சொல்லாது பிஸ்டன் அண்ணே. நீங்க கால்குலேட்டர்ல ஓட்டுறீங்க, அவங்க ரோலர்ல ஓட்டுறாங்க. பாட் போட்டதும் மிதிச்ச உடனே வண்டி கிளம்புதுன்னு போட்டவன் அத்தனை பேரும் சொல்றான். எல்லாரும் முட்டாளா?

செந்தூல் பிஸ்டன் | இரவு 9:16

முட்டாள் என்று யாரையும் நான் சொல்லவில்லை. ஏர்பாக்ஸ் உறிஞ்சும் சத்தத்தை அமுக்குவதற்காகவும் செய்யப்பட்டது. பக்கத்தில் தொங்கும் ரெசனேட்டர் டப்பாவின் வேலையும் அதுதான். இரண்டையும் கழற்றினால் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் காது நிறைய சத்தம் வரும். காதுக்கு வந்த சத்தத்தைக் கால் வேகம் என்று நினைத்துக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் எண்களைப் படிக்கும் ஓபிடி ரீடர் மாட்டி, ஒரே சாலையில், ஒரே கியரில் 60-லிருந்து 100 வரை நேரம் எடுங்கள்.

பானெட் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கெப்போங் கிளச் | இரவு 9:21

வேலு, நீதானே தீபாவளி நேரத்துல கிரவுண்டிங் கேபிள் போட்டா பெட்ரோல் மிச்சம்னு சண்டை போட்டே? அதுக்கு முன்னாடி வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இப்ப ஃபில்டர். அடுத்தது என்ன, காந்தமா?

வியோஸ் வேலு | இரவு 9:25

கிளச்சு, உன்கிட்ட யாரும் கேக்கல. கிரவுண்டிங் விஷயம் வேற, அதை இங்க இழுக்காதே. பானெட் திறந்துதான் இருந்துச்சு, போதுமா? ரெண்டு ஓட்டத்துக்கும் திறந்துதான் இருந்துச்சு. முன்னாடி பெரிய ஃபேன். ரெண்டுக்கும் ஒரே நிலைமை, அப்புறம் எங்க வந்துச்சு அநியாயம்?

செந்தூல் பிஸ்டன் | இரவு 9:38

இதைத்தான் எதிர்பார்த்தேன். அது ஒரே நிலைமையே இல்லை.

ஸ்டாக் பாக்ஸின் மூக்கு ரேடியேட்டருக்கு முன்பக்கம் நீண்டு வெளிக்காற்றை இழுக்கிறது. பானெட் திறந்தாலும் மூடினாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. ஓப்பன் பாட் எஞ்சின் அறைக்குள் அம்மணமாக உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து முன்னால் ஃபேன் வைத்தால் அதற்கு வாழ்நாளில் கிடைக்காத குளிர்ந்த காற்று கிடைக்கும். சாலையில் பானெட்டைத் திறந்துவைத்து யாரும் ஓட்டுவதில்லை. கேஎல் (கோலாலம்பூர்) எம்ஆர்ஆர் 2 சாலையில் மாலை நெரிசலில் நின்றால் பாட் இழுக்கும் காற்று 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். வெளியே 33. காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி 3 சதவீதம் குறையும், சக்தியும் அதே கணக்கில் இறங்கும்.

இரண்டாவது விஷயம், எதை முதலில் ஓட்டினார்கள்? கியர் ஆயில் சூடாகாத முதல் ஓட்டம் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். ஆட்டோ கியரில் எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் கன்வர்ட்டர் நழுவுவதும் அளவை மாற்றும். ஸ்டாக் முதலில், பாட் பிறகு என்றால் இரண்டு மூன்று ஹெச்பி தானாகவே வரும். ஒழுங்காகச் செய்பவன் ஸ்டாக், பாட், மறுபடி ஸ்டாக் என்று ஓட்டுவான். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று ஓட்டம், பானெட் மூடி, கூலன்ட் சூடும் டயர் காற்றும் ஒன்றாக வைத்து. மூன்றாவது கட்டத்தில் ஸ்டாக் மறுபடி 86-க்கே இறங்கினால் பேசலாம்.

மீனா பாயான் லெப்பாஸ் | இரவு 9:54

பானெட் விஷயத்தில் பிஸ்டன் சொல்வது சரி. ஆனால் 3 சதவீதக் கணக்கு சரியில்லை. அடர்த்தி 3 சதவீதம் குறைவது உண்மை. சக்தி அப்படியே நேராக இறங்காது. டைனோ எண்களை ஒரே வானிலைக்கு மாற்றும் எஸ்ஏஇ ஜே1349 திருத்தக் கணக்கில் வெப்பநிலை வர்க்கமூலமாகத்தான் வருகிறது. 10 டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம். உள்ளே போகும் காற்று போர்ட், வால்வு, சிலிண்டர் சுவர் எல்லாவற்றிலும் சூடேறிக்கொண்டேதான் போகிறது, அதனால் வாசலில் இருந்த வித்தியாசம் முழுதாக சிலிண்டருக்குள் சேராது.

செந்தூல் பிஸ்டன் | இரவு 10:01

நான் அடர்த்தியைச் சொன்னேன். அடர்த்தி 3 சதவீதம்தான்.

மீனா பாயான் லெப்பாஸ் | இரவு 10:03

"சக்தியும் அதே கணக்கில் இறங்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே அப்படியே இருக்கிறது.

செந்தூல் பிஸ்டன் | இரவு 10:05

அதே திசையில் என்ற அர்த்தத்தில் எழுதியது. 2-ஓ 3-ஓ, இறங்குவது இறங்குவதுதான். வேலுவின் 8 ஹெச்பி அதனால் உயிரோடு வந்துவிடாது.

பிறை டர்போ | இரவு 10:12

கேஎல் ஆளுங்க எப்பவுமே ஓடாத வண்டியை வச்சுத்தான் பேசுவீங்க. எஞ்சின்ல 109 ஹெச்பி (சக்கரத்துல அதைவிடக் குறைவு) வர்ற வியோஸ்ல ஃபில்டரை மாத்தி என்ன கிடைக்கும்? டர்போ வண்டிக்கு வாங்க. ஸ்டேஜ் 1 டியூன் (கம்ப்யூட்டர் செட்டிங் மாத்தறது) பண்ணி பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) ஏத்தின வண்டியில டர்போவுக்கு முன்னாடி இருக்கிற ஒவ்வொரு கிலோபாஸ்கலும் கணக்கு. வாசல்ல அடைச்சா டர்பைன் இன்னும் வேகமா சுத்தணும், காத்து இன்னும் சூடாகும், ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், தீப்பொறி டைமிங்கைப் பின்னாடி இழுக்கும். அங்க நல்ல இன்டேக் போட்டா பலன் இருக்கு. "ஆப்டர்மார்க்கெட் ஃபில்டர் எல்லாமே ஏமாத்து"ன்னு பொதுவா சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

செந்தூல் பிஸ்டன் | இரவு 10:20

எல்லாமே ஏமாற்று என்று நான் எங்கே எழுதினேன்? வியோஸில் 8 ஹெச்பி பொய் என்றேன். டியூன் செய்யாத டர்போ வண்டியிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஈசியு பூஸ்ட் இலக்கு வைத்திருக்கிறது. வாசலில் கொஞ்சம் அடைத்தால் டர்போவைத் தொடாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவைக் கூடுதலாக மூடி அந்த இலக்கைப் பிடித்துவிடும். டியூன் பண்ணிய வண்டியில் கிடைப்பது டியூனால், ஃபில்டர் கூடவே போகிறது. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டிய தாள் இருந்தால் போடுங்கள். பானெட் மூடி.

பிறை டர்போ | இரவு 10:24

பானெட், பானெட், பானெட். ஒரே பாட்டு.

வியோஸ் வேலு | இரவு 10:31

சரி அண்ணே, பானெட் காத்துல 2 ஹெச்பி, கியர் ஆயில்ல 2 ஹெச்பி. கழிச்சுக்கோங்க. அப்பவும் 4 மிச்சம் இருக்கே, அது எங்கிருந்து வந்துச்சு? சொல்லுங்க பாக்கலாம்.

மீனா பாயான் லெப்பாஸ் | இரவு 10:46

அதற்கும் காரணம் இருக்க முடியும் வேலு. வியோஸில் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் ஏர்பாக்ஸ் மூடியின் வாய்க்குழாயில் உட்கார்ந்திருக்கிறது. பாட் மாட்ட அதைக் கழற்றி அலுமினியக் குழாயில் பொருத்துகிறார்கள். சென்சார் குழாயின் குறுக்கே ஒரே ஒரு இடத்தில் ஓடும் காற்றைத்தான் அளக்கிறது. மீதியை ஈசியு பழைய குழாயின் விட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறது. புதுக் குழாய் பெரியதாக இருந்தால் காற்று அங்கே மெதுவாக ஓடும், சென்சார் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் குறைவாகப் போகும். விட்டம் 5 சதவீதம் கூடினாலே பரப்பு 10 சதவீதம் கூடிவிடும்.

முழு மிதியில் ஸ்டாக் வண்டி வேண்டுமென்றே பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட்டும் பிஸ்டனும் சூடாகாமல் இருக்க. அதைக் கொஞ்சம் குறைத்தால் ஒன்றிரண்டு ஹெச்பி கிடைக்கலாம். ஆனால் ஃபில்டருக்கு அதில் பங்கில்லை. பாதுகாப்புக்கு வைத்ததைச் செலவழித்து வாங்கிய சக்தி அது. கெந்திங் மலை ஏற்றத்தில் நீண்ட நேரம் மிதித்தால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும். ஓபிடியில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்மைப் பாருங்கள், ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று அது காட்டும். மாட்டுவதற்கு முன் பிளஸ் 2 இருந்தது மாட்டியபின் பிளஸ் 12 ஆனால் குழாய் தப்பு. இன்னும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்னும் பி0171 கோடோடு விளக்கு எரியும்.

வியோஸ் வேலு | இரவு 10:52

ஆக சக்தி கூடுது. அதை ஒத்துக்கிட்டீங்க. எப்படிக் கூடுதுங்கிறதுலதான் உங்களுக்குப் பிரச்சினை.

மீனா பாயான் லெப்பாஸ் | இரவு 10:54

ஃபில்டரால் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. "வெறும் ஃபில்டர் மட்டும்" என்று அந்த விளம்பரமே சொல்கிறது.

கெப்போங் கிளச் | இரவு 10:58

பாட் வேணாம், டிராப்-இன் காட்டன் ஃபில்டர் போட்டா? ஸ்டாக் பாக்ஸ்லயே உக்காரும், குழாயை மாத்த வேணாம், கழுவிக் கழுவிப் போடலாம்.

செந்தூல் பிஸ்டன் | இரவு 11:15

அதில் பாக்ஸ் அப்படியே இருக்கிறது, அதனால் சூட்டுப் பிரச்சினை இல்லை. அந்த அளவுக்கு நல்லது. ஆனால் கணக்கு அதேதான். பேப்பர் 10 சென்டிமீட்டர் அடைக்கிறது, காட்டன் பாதி அடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 0.5 கிலோபாஸ்கல், அதாவது அரை சதவீதம். 109-க்கு அரை ஹெச்பி. எந்த டைனோவும் அதை நம்பும்படி பிடிக்காது, ஒரே வண்டியை இரண்டு முறை ஓட்டினாலே அதைவிடக் கூடுதலாக வித்தியாசம் காட்டும்.

உச்சவரம்பை அறிய இன்னொரு வழி. டைனோவில் ஃபில்டரையே எடுத்துவிட்டு, காலிப் பாக்ஸை மூடி ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். அந்தப் பாக்ஸுக்குள் மாட்டும் எந்த ஃபில்டரும் அதைத் தாண்ட முடியாது. அதுவே 1 ஹெச்பிதான் கூட்டுகிறது என்றால் கடைக்காரனிடம் பேச என்ன இருக்கிறது?

மெக்கானிக் அக்கறையோடு சொல்ல வேண்டிய வேறு விஷயம் தூசி. 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் 100 கிராம் தூசியில் 1 கிராமை உள்ளே விடும். 97 சதவீதம் பிடிப்பது 3 கிராம் விடும். கேட்பதற்கு 2 சதவீத வித்தியாசம், பிஸ்டன் ரிங்குக்கு மூன்று மடங்கு மண். கட்டுமான லாரி ஓடும் சாலையில் தினமும் போகிறவன் யோசிக்க வேண்டியது இதை.

கழுவுவதிலும் தப்பு செய்கிறார்கள். கிளீனர் தெளித்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும், காயவிடக் கூடாது. மெதுவான தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட வேண்டும், அழுக்கு வந்த வழியே போகும். பிறகு நிழலில் தானாகக் காய வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் பருத்தி விரிந்துவிடும், ஹேர் டிரையர் காட்டினால் சுருங்கும். எண்ணெய் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே ஒரு கோடு. 20 நிமிடம் கழித்து வெள்ளையாகத் தெரியும் இடத்துக்கு மட்டும் கொஞ்சம். நம் ஆட்கள் தோசைக்கு ஊற்றுவதுபோல ஊற்றுகிறார்கள். அந்த எண்ணெய் மாஃப் கம்பியில் படிந்து ஐடில் (மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓட்டம்) ஆடும், பிறகு பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றிக் காசை விடுவார்கள். படிந்தால் மாஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டும். கார்பரேட்டர் கிளீனர் வேண்டாம், பஞ்சால் தொடவும் வேண்டாம்.

பிறை டர்போ | இரவு 11:22

கட்டுரை எழுதுறாரு பிஸ்டன். எண்ணெய் அளவா போட்டா மாஃப்ல ஒண்ணும் படியாது. போடத் தெரியாதவன் கெடுத்ததுக்கு ஃபில்டர் என்ன பண்ணும்?

செந்தூல் பிஸ்டன் | இரவு 11:25

போடத் தெரியாதவர்கள்தான் வாங்குகிறார்கள். தெரிந்தவன் 30 ரிங்கிட் பேப்பரை நேரத்துக்கு மாற்றிவிட்டுப் போகிறான்.

கெப்போங் கிளச் | இரவு 11:29

நேரத்துக்கு மாத்தலன்னா பெட்ரோல் கூடக் குடிக்கும்ல?

மீனா பாயான் லெப்பாஸ் | இரவு 11:37

கார்பரேட்டர் வண்டியில் குடிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்படி இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. அடைத்த ஃபில்டரால் பெட்ரோல் செலவில் சொல்லும்படி மாற்றம் இல்லை, முழு மிதியில் முடுக்கம்தான் குறைந்தது. பாதி மிதியில், காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டே காற்றை அடைத்து வைத்திருக்கிறது, ஃபில்டரின் அடைப்பு அங்கே ஒரு பொருட்டே இல்லை. ஆகவே "காட்டன் போட்டால் பெட்ரோல் மிச்சம்" என்பதும் நிற்காது.

வியோஸ் வேலு | இரவு 11:41

பாத்தீங்களா, அடைச்ச ஃபில்டரை மாத்தினா முடுக்கம் கூடுது! அதைத்தான் நானும் சொல்றேன்.

செந்தூல் பிஸ்டன் | இரவு 11:43

அடைத்ததைப் புது பேப்பராக மாற்றினாலும் கூடும். அந்தத் தாளில் ஸ்டாக் ஓட்டம் ஓட்டியபோது இருந்த ஃபில்டர் புதியதா, 40,000 கிலோமீட்டர் ஓடிய கறுப்பா? அதையும் கேட்டுச் சொல்லுங்கள். பானெட்டோடு சேர்த்து.

பிறை டர்போ | இரவு 11:50

எல்லாத்துக்கும் வழி இருக்கு. பாட்டை பம்பருக்குள்ள இறக்கி கோல்ட் ஏர் போடு. சூடும் இல்ல, பானெட் சண்டையும் இல்ல.

செந்தூல் பிஸ்டன் | இரவு 11:56

கேஎல்லில் மாலை மழை ஒரு மணி நேரம் கொட்டினால் சாலை முழங்கால் ஆழம் நிற்கும். பம்பருக்குக் கீழே வாய் வைத்த ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும், எஞ்சின் மொத்தமும் போகும். 2 ஹெச்பிக்கு இந்த ஆபத்தா? உங்கள் பினாங்கில் வெள்ளமே வராததுபோலப் பேசுகிறீர்கள்.

பிறை டர்போ | நள்ளிரவு 12:03

வெள்ளம் வந்தா எங்களுக்குச் சுத்திப் போகத் தெரியும். நீங்க பொறுமை இல்லாம உள்ள விடுறீங்க.

கெப்போங் கிளச் | நள்ளிரவு 12:05

டியூக் ஹைவேல மாட்டிக்கிட்டா சுத்திப் போறதுக்கு ஹெலிகாப்டரா பிடிக்கிறது?

வியோஸ் வேலு | நள்ளிரவு 12:11

ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீங்க. அந்தப் பட்டறையில பானெட் மூடி மறுபடி ஓட்டச் சொல்றேன். 8 வரலன்னாலும் 5 வரும், எழுதி வச்சுக்கோங்க.

செந்தூல் பிஸ்டன் | நள்ளிரவு 12:14

இப்பவே 8 என்பது 5 ஆகிவிட்டது. ஸ்டாக், பாட், ஸ்டாக். ஒவ்வொன்றும் மூன்று ஓட்டம். புது பேப்பர் ஃபில்டர். ஃபியூயல் டிரிம் படமும் வேண்டும்.

வியோஸ் வேலு | நள்ளிரவு 12:16

ஒன்பது ஓட்டத்துக்கு டைனோ காசு யார் கொடுக்கிறது, நீங்களா?

செந்தூல் பிஸ்டன் | நள்ளிரவு 12:17

8 ஹெச்பி உறுதி என்று எழுதி விற்கிறவன் கொடுக்கட்டும்.

மீனா பாயான் லெப்பாஸ் | நள்ளிரவு 12:20

அந்த 3 சதவீதத்தை மட்டும் திருத்திவிடுங்கள் பிஸ்டன். படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

செந்தூல் பிஸ்டன் | நள்ளிரவு 12:22

அடர்த்தி 3 சதவீதம். அதில் திருத்த ஒன்றுமில்லை.