வாரத்தில் 2 மதியம் ஒதுக்க முடியும். தெருப் பெரியவர்களுக்கு என்ன செய்யலாம்?

உறையூர் பென்ஷனர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 60 வயது, ஊர் திருச்சி உறையூர். தொலைபேசி வேலையிலிருந்து 2020 ஜனவரி 31-ம் தேதி விஆர்எஸ்ஸில் (விருப்ப ஓய்வில்) வந்தேன். வந்த கையோடு மாமியார் படுத்த படுக்கையானார். ஐந்து வருடம் அவரோடுதான் போயிற்று. போன ஆடியில் காலமானார். இன்னும்கூட மதியம் 3 மணி ஆனால் அவருக்கு ஹார்லிக்ஸ் கலக்க அடுப்படிக்குப் போய் நிற்கிறேன்.

எங்கள் தெருவில் பெரியவர்கள் மட்டுமே இருக்கும் வீடு ஏழு. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு 79. மகன் மஸ்கட்டில். பிரஷர் மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை, எதுக்குத் தொந்தரவு" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சேவை அமைப்பு எதிலும் இருந்ததில்லை. எதிலாவது சேர வேண்டுமா, நானே தொடங்கலாமா? உண்மையில் அவர்களுக்கு என்ன உதவிதான் தேவைப்படுகிறது?

தல்லாகுளம் வாத்தியார்:

அம்மா, வணக்கம். மதுரையில் நாலு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அமைப்பு அப்புறம் இருக்கட்டும். பென்ஷன் வாங்குபவர்கள் யார் யார் என்று பார்த்து, வருடா வருடம் உயிரோடு இருப்பதைக் காட்டக் கொடுக்கும் ஆயுள் சான்றிதழிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் சந்தில் மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், 81 வயது. முப்பது வருடம் நூலைப் பிடித்துப் பிடித்து விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. ஒரு வங்கியில் நாலு முறை விரலை வைத்தார், மெஷின் எடுக்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளை, நாளை என்று சான்றிதழ் கெடு தாண்டி, இரண்டு மாதம் பென்ஷன் நின்றது. கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே தெரியாது.

விரல் எடுக்காவிட்டால் முகத்தை வைத்தே எடுக்கலாம் என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். போனில் ஆயுள் சான்றிதழுக்கான ஜீவன் பிரமாண் செயலி, கூடவே முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி, இரண்டும் இருக்க வேண்டும். ஆதார் எண், பிபிஓ எண் (பென்ஷன் ஆணை எண்), வங்கிக் கணக்கு எண் மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓடிபி வரும் போன் அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அது வெளியூரில் இருக்கும் மகனின் நம்பர். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணை மெதுவாகச் சிமிட்டச் சொல்லுங்கள். இவருக்கு மூன்றாவது தடவையில் எடுத்தது. போனில் வந்த மெசேஜை நான் வாசித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனே இல்லாதவர்களுக்கு, இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார்.

மத்திய அரசு பென்ஷன்காரர்கள் சான்றிதழ் கொடுக்கும் மாதம் நவம்பர். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பிஎஃப் பென்ஷன் என்றால் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். இதை வீட்டுக்கு வீடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சொல்லிவிட்டால் மாற்றாதீர்கள். நான் வியாழன் 4 மணிக்குப் போவேன். ஒரு வாரம் காய்ச்சல், போகவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை. அந்தப் பெரியவர் இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு இருட்டும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து வர முடியாவிட்டால் காலையிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஏழு வீடும் வேண்டாம் அம்மா. இரண்டு வீடு எடுங்கள்.

ஊத்தங்கரை செல்வி:

அக்கா, நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இந்தத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறோம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபி செய்பவரும் வருவார்கள். உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பெரியம்மாவின் பெயரைக் கொடுங்கள்.

அக்கா, நாங்கள் மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவர்கள் அதைச் சாப்பிட்டார்களா என்று பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை. காலையில் போடுவதையும் ராத்திரி போடுவதையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மூடியில் சூரியன், நிலா என்று படம் வரைந்து கொடுங்கள். எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு அது நன்றாகப் புரிகிறது.

கோவை ராமநாதபுரம்:

ரேஷனை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அந்தப் பெரியம்மாவின் அட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். வீட்டில் அடி, மிரட்டல், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விடுவது மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் 14567-க்குப் போன் செய்யுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் அது, காலை 8 முதல் இரவு 8 வரை. 2007-ம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் பெற்றோரே மனு கொடுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள். பணம் எடுக்க வேண்டுமானால் அவரையே ஆட்டோவில் கூட்டிப் போங்கள். முதல் வாரமே மகனுக்குப் போன் போட்டு நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நல்லது செய்யப்போன என் அண்ணி, காணாமல் போன ஒரு மோதிரத்துக்காகப் பேச்சு வாங்கினார். மோதிரம் அரிசி டின்னில் கிடைத்தது. ஆனாலும் அண்ணி அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

உறையூர் பென்ஷனர்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்னபடி இரண்டு வீடு, செவ்வாயும் வெள்ளியும், 3 மணி. மஸ்கட்டுக்குப் பேசிவிட்டேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "அக்கா, அம்மா சாப்பிடுறாங்களா?" என்றார். செல்வி, சூரியனும் நிலாவும் வரைந்தாயிற்று. பெரியம்மாவுக்கு ஹார்லிக்ஸ் பிடிக்காதாம், காபிதான் வேண்டுமாம். அதையே கொண்டுபோகிறேன். இரண்டாவது வீட்டுத் தாத்தாவின் பிபிஓ புத்தகம் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்கிறார். வெள்ளிக்கிழமை என் மகனைக் கூட்டிப்போய் அதை இறக்க வேண்டும்.