ஷியா வெண்ணெய் ரவை ரவையாக இருக்கிறது, கலப்படமா?

தறிக்காரன்:
கானாவில் வேலை பார்க்கும் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு டப்பா ஷியா வெண்ணெய் கொண்டுவந்தார், அங்கே ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பாம். பழுப்பு வெள்ளை நிறம், புகை வாசனை. தேய்த்தால் நெறுநெறுக்கிறது. கடையில் வாங்குவது வெள்ளை வெளேரென்று, வாசனையே இல்லாமல் இருக்குமே! எத்தனை நாள் தாங்கும்? அது பழ மரம் என்கிறார், பழத்தை யாராவது சாப்பிடுகிறார்களா?

போர்வெல்_தமாலே:
வடக்கு கானாவில், தமாலேயில் நான்கு வருடம் இருந்தேன். கவலை வேண்டாம், கையால் எடுத்த சரக்கு அப்படித்தான் இருக்கும். கடையில் இருப்பது சுத்திகரித்தது. வெயிலில் உருகி மெதுவாக இறுகினால் ரவை தட்டும். வெந்நீரில் டப்பாவை வைத்து உருக்கி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்புப் போடாமலே வருடம் முழுக்கக் கெடாது என்று 1790களில் மாலிப் பக்கம் போன ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க்கே எழுதியிருக்கிறார். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பழமா? மே மாதம் வாக்கில் விழ ஆரம்பிக்கும். பச்சைத் தோல், உள்ளே சப்போட்டா மாதிரி இனிப்பு. வீட்டில் தானியம் தீர்ந்துபோகிற காலமும் அதுதான், வயலுக்குப் போகிறவர்களுக்கு அதுவே காலைச் சாப்பாடு. பெண்கள் விடியுமுன்னே டார்ச்சோடு பொறுக்கப் போவார்கள், பாம்புக்குப் பயந்துகொண்டே. கொட்டையை அவித்து, காயவைத்து, உடைத்து, பருப்பை வறுத்து அரைத்தால் சாக்லேட் நிறத்தில் கூழ் வரும். அதில் தண்ணீர் விட்டுக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் நானும் கை வைத்தேன். பத்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றது, அந்த அம்மாக்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வெள்ளையாகத் திரண்டு மிதப்பதை வழித்துக் கழுவிக் காய்ச்சினால் வெண்ணெய். குழம்புக்கும் அதுதான், பிறந்த குழந்தைக்குத் தேய்க்கவும் அதுதான், சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் என்ற வறண்ட காற்றில் வெடித்த உதட்டுக்கும் அதுதான். சக்கை அடுப்புக்கு.

இலுப்பைத்தோப்பு:
நம் இலுப்பையும் ஷியாவும் ஒரே குடும்பம், சப்போட்டாவும்தான். இங்கே நட்டால் வருமா அண்ணே?

போர்வெல்_தமாலே:
காய்க்கவே 15, 20 வருடம் ஆகும் தம்பி. அங்கேயே பெரும்பாலும் யாரும் நடுவதில்லை. காட்டைத் திருத்தும்போது ஷியாவை மட்டும் வெட்டாமல் விட்டு, நடுவில் சோளம், கம்பு போடுவார்கள். நீங்கள் இலுப்பையையே நடுங்கள்.

தறிக்காரன்:
உருக்கி ஃபிரிட்ஜில் வைத்தேன், ரவை போய்விட்டது. குதிகால் வெடிப்புக்கென்று அம்மா பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.