அபுனைவு நூல் பரிந்துரை தேவை (பெயர் மட்டும் போதாது)

வணக்கம் நண்பர்களே. வாசிப்பு வட்டம் ஒன்றுக்கு மாதம் ஒன்றாக ஆறு அபுனைவு நூல்கள் வேண்டும். வரலாறு, அறிவியல், தன்வரலாறு எதுவானாலும் சரி. 300 பக்கத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. நாளுக்கு 15 பக்கம் என்றால் மூன்று வாரத்தில் முடித்து, பேச ஒரு வாரம் மிஞ்சும்.

"அருமையான புத்தகம், கட்டாயம் படிங்க" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பதிப்பு ஆண்டும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் தேவை. சுருக்கப்பட்ட மொழிபெயர்ப்பில் அடிக்குறிப்புகள் வெட்டுப்பட்டிருந்தால், ஆசிரியர் சொல்வதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

நல்ல நூலிலும் சில பகுதிகள் காலாவதியாகும். உளவியலாளர் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' வந்தது 2011-ல். அதில் 'பிரைமிங்' (பார்த்த ஒரு சொல்லோ படமோ நம்மை அறியாமலே அடுத்த செயலைத் தூண்டுவது) பற்றிய அத்தியாயத்தில், மிகக் குறைவான ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளை அதிகமாக நம்பிவிட்டதாக அவரே 2017-ல் ஒப்புக்கொண்டார். நீங்கள் சொல்லும் நூலில் இப்படி ஆட்டம் கண்ட அத்தியாயம் எது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஒரு கட்டுரையில் அடங்குவதை நூலாக இழுத்த சுயமுன்னேற்றச் சரக்கு வேண்டவே வேண்டாம். முன்னுரையையும் நடுவில் ஒரு அத்தியாயத்தையும் புரட்டினாலே தெரிந்துவிடும்: கருத்து அதேதான், எடுத்துக்காட்டு மட்டும் மாறியிருக்கும்.

எல்லாரும் தலையாட்டும் நூலென்றால் பேச்சு ஐந்து நிமிடத்தில் படுத்துவிடும். நீங்கள் பாதி உடன்பட்டு, பாதி சண்டை போட்ட நூல் இருந்தால் அதையே முதலில் சொல்லுங்கள், எந்த அத்தியாயத்தில் சண்டை என்பதையும் சேர்த்து.