68ஆ, 112ஆ? கையில் ஒட்டிய சென்சாரை நம்பி நள்ளிரவில் நாங்கள் பட்ட பாடு

வைகைக்கரை | இரவு 8.05

மின்னணுப்பித்தன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. "மேற்கையில் நாணயம் அளவு, சர்க்கரையை அளக்கும் ஒரு சென்சாரை ஒட்டிக்கொண்டால் போதும், சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திக்கொள்ளும் காலம் மலையேறிவிட்டது" என்கிறார். அனுபவப்பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

என் மனைவிக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். டொரன்டோவில் இருக்கும் மகன் பிடிவாதம் பிடித்து அந்தச் சென்சாரை வாங்க வைத்தான். 14 நாளைக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 5,000 ரூபாய். போன வியாழன் விடிகாலை 3.10க்குத் தலைமாட்டில் இருந்த போன் அலறியது. திரையில் சிவப்பு எழுத்தில் 68. அலறல் ஓய்வதற்குள் மகன் அழைக்கிறான். அங்கே மாலை நேரம், அவன் போனிலும் அதே அலறல். "அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இறங்குகிறது, எழுப்புங்கள்!" கை நடுங்க மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். பிறகு குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 112! சென்சார் அப்போதும் 71 என்றே நிற்கிறது. மகன் சென்சாரை நம்பி இன்னொரு டம்ளர் கொடுக்கச் சொன்னான், கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் 236.

68 எங்கே, 112 எங்கே? இந்தக் கருவியை நம்பி விரலில் குத்துவதை விடச் சொல்கிறவர்கள் பதில் சொல்லட்டும்.

மின்னணுப்பித்தன் | இரவு 8.31

ஓர் இரவு நடந்ததை வைத்து ஒரு தொழில்நுட்பத்தையே தூக்கில் போடுவது வைகை அண்ணனுக்குப் புதிதல்ல. தண்ணீர் சுத்திகரிப்பான் விவாதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொள்வோம். உடம்பில் அணிந்த சென்சார்களும் கூடவே வைத்திருக்கும் கருவிகளும் கம்பியில்லாமல் பேசிக்கொள்வதற்கு உடல்சார் வலையமைப்பு என்று பெயர். அதற்கென்றே 2012இல் 802.15.6 என்ற தனித் தரத்தை மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. வெளியிட்டது. ஆனால் கடையில் கிடைக்கும் கடிகாரம், சென்சார் எல்லாம் பெரும்பாலும் பேசுவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்தில். நோக்கியா 2006இல் வைப்ரீ என்ற பெயரில் அறிவித்து, 2010இல் புளூடூத் 4.0இல் சேர்க்கப்பட்ட நுட்பம் அது. அன்று இரவு சென்சார், உங்கள் போன், இணையம், மகனின் போன் என நான்கு கண்ணிகளும் பிசகாமல் வேலை செய்திருக்கின்றன. இதில் குறை எங்கே இருக்கிறது?

வைகைக்கரை | இரவு 8.36

வரையறையை நான் கேட்கவில்லை. தப்பான எண்ணை நொடியில் டொரன்டோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் என்ன பெருமை இருக்கிறது? 68 எங்கே, 112 எங்கே? அதைச் சொல்லுங்கள்.

செவிலி கலா | இரவு 9.02

ஐயா, வணக்கம். திருநெல்வேலியில் 18 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அம்மா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

அந்தச் சென்சாரிலிருந்து தோலுக்குள் போகும் மெல்லிய இழை இரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கு அடியில் திசுக்களுக்கு இடையே ஊறியிருக்கும் நீரில் இருக்கும் சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. இரத்தத்தில் ஏறியது அந்த நீருக்கு வந்துசேர 5 முதல் 15 நிமிடம் வரை பிடிக்கும். நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகல்லவா குத்தினீர்கள்? இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டது, சென்சாருக்கு இன்னும் எட்டவில்லை. 68ம் உண்மையாக இருக்கலாம், 112ம் உண்மையாக இருக்கலாம்.

மூன்று கேள்விகள் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். குடித்து எத்தனை நிமிடம் கழித்துக் குத்தினீர்கள்? அம்மாவின் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குத்தினீர்களா, இல்லை சர்க்கரை பட்ட விரலிலேயே குத்தினீர்களா? சென்சார் ஒட்டிய கையின் மேல் அழுத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாரா? அழுத்தம் பட்டாலே அந்த இடத்தில் சர்க்கரை இறங்கியதாகக் காட்டும். வார்டில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை | இரவு 9.10

நிமிடக் கணக்கு எழுதிவைக்க நான் ரயில் நிலையத்திலா உட்கார்ந்திருந்தேன்? வீட்டில் ஒரு உயிர் ஊசலாடுகிறது என்று கருவி அலறும்போது எவன் சோப்பைத் தேடுவான்? தூங்குகிறவள் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்றும் இனி கருவியைத்தான் கேட்க வேண்டுமா? 5,000 ரூபாய் கொடுத்தவன் கேட்கிறேன். 68 எங்கே, 112 எங்கே?

மின்னணுப்பித்தன் | இரவு 9.17

ஆக, கை கழுவவில்லை.

இன்னொன்று. நீங்கள் தெய்வமாக நினைக்கும் குளுக்கோமீட்டருக்கும் பிழை உண்டு. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 2013ஆம் ஆண்டுத் தரப்படி, 100க்கு மேல் காட்டும்போது 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். அதுகூட நூற்றுக்கு 95 அளவுகளுக்குத்தான் கட்டாயம். உங்கள் 112 உண்மையில் 95ஆகவும் இருக்கலாம், 129ஆகவும் இருக்கலாம். அதன் மேல் சத்தியம் செய்யாதீர்கள்.

வைகைக்கரை | இரவு 9.20

95 என்றே வைத்துக்கொள்வோம். 68 எங்கே, 95 எங்கே?

கொங்குநாடன் | இரவு 9.41

எதற்கு இவ்வளவு சண்டை? நான் தினமும் ரேஸ்கோர்ஸில் எட்டாயிரம் அடி நடக்கிறேன். 2,500 ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கினேன். இதயத் துடிப்பு, ஆக்சிஜன், சர்க்கரை மூன்றையும் அதுவே காட்டுகிறது. ஊசியும் இல்லை, இழையும் இல்லை. காலையில் 104, மாலையில் 118, ஒருநாளும் மாறியதில்லை.

செவிலி கலா | இரவு 9.48

அண்ணா, அந்தக் கடிகாரம் காட்டும் சர்க்கரை அளவை இந்த நிமிடத்தோடு மறந்துவிடுங்கள். தோலைத் துளைக்காமல் தாங்களே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் வாங்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒரு கருவிக்குக்கூட அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. பிரியாணி சாப்பிட்ட அன்றும் 118, பட்டினி கிடந்த அன்றும் 118 என்றால் அது உங்கள் உடம்பிலிருந்து வந்த எண்ணே இல்லை. அதை நம்பி இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

கொங்குநாடன் | இரவு 9.55

நான் இன்சுலின் போடுகிறவன் இல்லை, தங்கச்சி. இதயத் துடிப்பைச் சரியாகத்தானே காட்டுகிறது? அப்படியென்றால் சர்க்கரையை மட்டும் ஏன் பொய்யாகக் காட்டப்போகிறது?

மறைக்காடன் | இரவு 10.08

அதே போன்ற கடிகாரத்தை என் வீட்டு வாழைக்காயில் கட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 81 துடிப்பு காட்டியது. கொல்லையில் பறித்து இரண்டு நாளான காய். பச்சை ஒளியை அடித்து, திரும்பி வருவதில் ஏற்ற இறக்கத்தைத் தேடி எண்ணுவதுதான் அதன் வேலை. எதில் பட்டுத் திரும்பினால் என்ன, ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிடுகிறது.

ஆனால் என் கவலை வேறு. இந்த எண்களெல்லாம் யார் கையில் போய்ச் சேர்கின்றன? ஸ்ட்ராவா என்ற ஓட்டக்காரர்களின் செயலி, பயனர்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால் ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் அதில் பளிச்சென்று தெரிந்தன. சிப்பாய்கள் கையில் கட்டிய கருவி காட்டிக்கொடுத்தது. வைகை ஐயா, உங்கள் மனைவியின் சர்க்கரைக் கணக்கு டொரன்டோவுக்கு மட்டும்தான் போகிறது என்று உறுதியாகத் தெரியுமா?

வைகைக்கரை | இரவு 10.12

எங்கே போனாலும் போகட்டும். போகிற எண் சரியாக இருக்க வேண்டாமா? 68ஐ அனுப்பி வைத்தால் காப்பீட்டு நிறுவனம்கூட என்னைத்தான் தப்பாக நினைக்கும்.

தஞ்சைத்தாய் | இரவு 10.37

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

என் மகனுக்கு 9 வயது. முதல் வகை நீரிழிவு. நான்கு வயதிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை அவன் விரலில் குத்தினோம். விரல் நுனியெல்லாம் கருத்துக் காய்த்துப் போய்விட்டது. பென்சில் பிடிக்க வலிக்கிறது என்று அழுவான். நள்ளிரவு 12, 2, 4 என்று மூன்று அலாரம் வைத்து எழுந்து, டார்ச் வெளிச்சத்தில் அவன் கால்விரலில் குத்துவேன். இந்தச் சென்சார் வந்த பிறகுதான் நான் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

பள்ளியில் போன் கூடாது என்று ஓர் ஆசிரியை அதை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார். பீரோ இருந்தது இரண்டு வகுப்பறை தள்ளி. அந்தச் சென்சாரின் அலை சில மீட்டர்தான் எட்டும். தொடர்பு அறுந்துபோனது. எனக்கு அளவு வருவது நின்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேசையில் தலை சாய்த்து வியர்த்துக் கிடந்தான். குத்திப் பார்த்தேன், 49. நான் ஓடிப்போனதற்கு அந்தச் சென்சார்தான் காரணம். ஒரு நாளைக்குச் சில தடவை குத்தினால் நமக்குத் தெரிவது அந்தச் சில நொடிகள்தான். இது ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியோடு இரவும் பகலும் சொல்கிறது. வைகை ஐயா ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அந்த அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டியது என்று ஒரு தடவையாவது பார்த்தாரா?

வைகைக்கரை | இரவு 10.49

குழந்தை நூறாண்டு நன்றாக இருக்கட்டும், அம்மா. படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நீங்களும் கடைசியில் விரலில் குத்தித்தானே 49 என்று பார்த்தீர்கள்? நானும் அதைத்தான் சொல்கிறேன்.

தஞ்சைத்தாய் | இரவு 10.52

ஓட வைத்தது எது, ஐயா?

மின்னணுப்பித்தன் | இரவு 10.58

அதற்கு அண்ணனிடம் பதில் இருக்காது. பீரோ விஷயத்துக்கு ஒரு விளக்கம்: புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். நம் உடம்பில் பெரும்பகுதி நீர், அந்த அலையை நீர் உறிஞ்சும். சென்சாரை ஒட்டிய கையை உடம்புக்குக் கீழே வைத்துப் படுத்தால் பக்கத்து மேசையில் இருக்கும் போனுக்கே சில நேரம் அலை போய்ச் சேராது. புளூடூத் போனைத் தலையணைக்கு எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

தனித்தமிழன் | இரவு 11.04

இவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன். புளூடூத், புளூடூத் என்று எத்தனை முறை எழுதுவீர்கள்? 'ஊடலை' என்று அழகான சொல் இருக்கிறது. சென்சாருக்கு 'உணரி' இருக்கிறது. தமிழில் எழுதும் இடத்திலாவது தமிழைக் காப்பாற்றுங்கள்.

மின்னணுப்பித்தன் | இரவு 11.07

உணரி சரி. ஆனால் ஊடலை என்றால் எத்தனை பேருக்குப் புரியும்? ஒரு தாய் மகனைப் பற்றி எழுதியிருக்கிறார், உங்களுக்குச் சொல்தான் கவலையா?

தனித்தமிழன் | இரவு 11.09

வைப்ரீ என்று எழுதினால் மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டதா? போன மாதம் 'செயலி' என்ற சொல்லையும் கிண்டல் செய்தவர்தானே நீங்கள்?

மறைக்காடன் | இரவு 11.15

நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தரவு யாருடைய கணினியில் இருக்கிறது?

கொங்குநாடன் | இரவு 11.21

வாழைக்காயில் 81 வந்தது என்பதை நான் நம்பவில்லை. படம் போடுங்கள்.

மறைக்காடன் | இரவு 11.26

படம் போட்டாயிற்று. மொந்தன் வாழைக்காய். இப்போது 77 காட்டுகிறது.

கொங்குநாடன் | இரவு 11.29

நீங்கள் காயைக் கையில் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் துடிப்பாக இருக்கும்.

வைகைக்கரை | விடிகாலை 3.02

இன்றும் அலறியது. எல்லோருடைய வாயையும் மூடத்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன். 2.40க்குச் சென்சார் 66. மகன் அழைத்தான். அவனைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மனைவியை எழுப்பிச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, துடைத்து, சர்க்கரை ஒரு துளிகூடக் கொடுக்காமல் முதலில் குத்தினேன். 97. கலா அவர்களே, கை கழுவியாயிற்று. தண்ணீர் கொடுக்கவில்லை. 66 எங்கே, 97 எங்கே?

செவிலி கலா | காலை 6.15

இரவுப் பணி முடித்து இப்போதுதான் பார்த்தேன். நல்ல வேலை செய்தீர்கள், ஐயா. இப்போது ஒன்றை மட்டும் சொல்லுங்கள். சென்சார் எந்தக் கையில் இருக்கிறது? எழுப்பும்போது எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருந்தார்? எழுந்து உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துச் சென்சார் எவ்வளவு காட்டியது?

வைகைக்கரை | காலை 6.22

இடது கை. இடது பக்கம்தான் படுப்பாள், கல்யாணமான நாளிலிருந்தே. பத்து நிமிடம் கழித்து 93 காட்டியது. அதனால் என்ன? 2.40க்கு 66 என்று சொன்னதா இல்லையா?

மின்னணுப்பித்தன் | காலை 6.30

வலது கையில் ஒட்டுங்கள், அண்ணா. அவ்வளவுதான் விஷயம்.

வைகைக்கரை | காலை 6.33

வலது கையில்தான் ஒட்ட வேண்டும் என்று உங்கள் பதிவில் எழுதினீர்களா? விரலில் குத்தும் காலம் மலையேறிவிட்டது என்றுதான் எழுதினீர்கள். நேற்று இரவும் குத்தித்தான் பார்த்தேன். 66 எங்கே, 97 எங்கே?