குறைந்த டிஸ்டார்ஷன் சைன் ஜெனரேட்டர்: வீட்டில் கட்டிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மாம்பலம், சென்னை

போன வருடம் வீட்டிலேயே ஒரு கிளாஸ்-ஏபி ஆம்ப்ளிஃபயர் கட்டி முடித்தேன். பாட்டு கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சத்தத்தைக் குறைத்து வைத்து வீணை கேட்டால், தந்தியின் நாதம் அடங்கும் இடத்தில் மட்டும் லேசான கரகரப்பு. பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓட விடும் சிறு மின்னோட்டம்) சரியில்லையோ என்று சந்தேகம். அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அளக்க வேண்டுமானால் முதலில் சுத்தமான சைன் அலை, அதாவது ஒரே ஒரு அலைவெண் மட்டும் உள்ள அலை, வேண்டும். அது என்னிடம் இல்லை.

இருந்தது எக்ஸ்ஆர்2206 ஐசி வைத்த கிட் ஒன்று. அந்த ஐசி முக்கோண அலையை வளைத்துச் சைன் போல ஆக்குகிறது. பிரீசெட்டுகளை (திருகிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்களை) எவ்வளவு பொறுமையாகத் திருப்பினாலும் 0.5 சதவீத டிஸ்டார்ஷன் (அலை வடிவத்தின் கோணல்) என்றுதான் டேட்டாஷீட்டே சொல்கிறது. நான் ஆம்ப்ளிஃபயரில் தேடுவதோ 0.05 சதவீதத்துக்கும் கீழே. அழுக்குத் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கண்ணாடியில் கறை இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் அது. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் அலை அழகாகத் தெரியும், அதை நம்பவே கூடாது. அரை சதவீதக் கோணல் கண்ணுக்குப் பிடிபடாது.

சரி, வீன் பிரிட்ஜ் (ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வலையும் ஒரு பெருக்கியும் சேர்ந்து சைன் அலை உண்டாக்கும் சர்க்யூட்) என்று முடிவு செய்தேன். 16 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இரண்டு, 10 நானோ (நானோ ஃபாரட்) கெப்பாசிட்டர் இரண்டு. கணக்குப்படி 995 ஹெர்ட்ஸ். அந்த ஒரு அலைவெண்ணில் மட்டும் இந்த வலை, உள்ளே போன சிக்னலில் மூன்றில் ஒரு பங்கை முன்பின் நகராமல் திருப்பித் தரும். ஓப்-ஆம்ப் (பெருக்கும் ஐசி) அதைச் சரியாக மூன்று மடங்கு பெருக்கினால் அலை நிலைத்து நிற்கும். பெருக்கம் 2.99 ஆனால் மெல்ல அணைந்துவிடும். 3.01 ஆனால் ஏறிக்கொண்டே போய் சப்ளை வோல்டேஜில் தலை தட்டும். அந்த மூன்றைப் பிடித்து வைப்பதில்தான் மொத்தச் சிரமமும் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒரு மாலை நேர வேலை.

அதற்குப் பல்பு வைத்தேன். ரிச்சி தெருவில் 24 வோல்ட், 40 மில்லி ஆம்பியர் பேனல் இண்டிகேட்டர் பல்பு பத்து வாங்கி வந்தேன். குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் 58 ஓம் காட்டியது. இழை சூடாக ஆகத் தடை ஏறும். ஃபீட்பேக்கில் 390 ஓம் போட்டால், பல்பு அதில் பாதியான 195 ஓமுக்கு வந்ததும் பெருக்கம் மூன்று. அலை கொஞ்சம் பெரிதானால் பல்பு சூடாகிப் பெருக்கத்தைக் குறைக்கும், சிறிதானால் ஆறிப்போய்க் கூட்டும். கேட்க ஏதோ பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கும். ஆனால் முதன்முதலில் மின்சாரம் கொடுத்தபோது அலை எழும்பி, இரண்டு மூன்று முறை ஊஞ்சல் போல ஆடி, 5 வோல்ட்டில் வந்து அமைதியாக நின்றதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது. பல்பு எரியவே எரியாது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன், இழையில் சிவப்புகூட இல்லை.

சவுண்ட் கார்டில் கொடுத்து ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். (5 வோல்ட்டை அப்படியே கார்டுக்குள் விட்டுவிடாதீர்கள், முன்னால் ரெசிஸ்டர் டிவைடர் போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.) மூன்றாவது ஹார்மோனிக் (மூல அலைவெண்ணின் மும்மடங்கில் எழும் வேண்டாத அலை) மைனஸ் 72 டெசிபலில் நின்றது. அதாவது 0.025 சதவீதம். கிட்டை விட இருபது மடங்கு நல்லது, ஆனாலும் போதாது.

என்.இ.5532 ஓப்-ஆம்பை எடுத்துவிட்டு எல்.எம்.4562 போட்டேன். ஒரு டெசிபல்கூட மாறவில்லை. சப்ளையை மாற்றினேன். பல்பை மாற்றினேன். கிரவுண்டு வயரை எல்லாம் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வாரம் போனது. ஒரு நாள் வேறு எதற்கோ சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோனபோது, திரையில் அலைவெண் மெல்ல நகர்வதைக் கவனித்தேன். சூடு பட்டது அந்த இரண்டு 10 நானோ கெப்பாசிட்டர்கள் மேல். டப்பாவில் கிடந்த செராமிக் அவை, எக்ஸ்7ஆர் வகை.

அந்த வகைக்குச் சூட்டில் மட்டுமல்ல, தன்மேல் விழும் வோல்டேஜுக்கு ஏற்பவும் கெப்பாசிட்டன்ஸ் மாறும். அலையின் மேல் உச்சியிலும் கீழ் உச்சியிலும் ஒரே மாதிரி மாறுவதால் மூன்றாவது ஹார்மோனிக்காக வந்து நிற்கிறது. பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை வாங்கிப் போட்டேன். அன்று மாலையே மைனஸ் 94.

இப்போது அந்த 94-இலேயே நிற்கிறது, எதை மாற்றினாலும் அசையவில்லை. நீங்கள் யாராவது இதற்கும் கீழே போயிருந்தால் எப்படிப் போனீர்கள் என்று சொல்லுங்கள்.

சிங்கப்பூர்

சார், பல்பு இங்கே எனக்குச் சரியாக அமையவில்லை. சிம் லிம் டவரில் கெப்பாசிட்டர், ஓப்-ஆம்ப் எல்லாம் கிடைக்கும், ஏற்ற பல்பு கிடைக்கவில்லை. அதனால் ஜேஃபெட்டை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) மாறும் ரெசிஸ்டராக வைத்துச் செய்தேன். ஜே113.

முதல் முயற்சியில் இரண்டாவது ஹார்மோனிக் மைனஸ் 60. மனம் நொந்துபோனது. ஜேஃபெட்டின் சேனல் தடை, கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலின் வோல்டேஜை மட்டும் பார்ப்பதில்லை. டிரெய்ன் என்ற இன்னொரு காலில் வரும் சிக்னலையும் பார்க்கிறது. அதற்கு மருந்து எளிது: டிரெய்னில் இருந்து கேட்டுக்கு ஒரு 1 மெகா ஓம், கன்ட்ரோல் வோல்டேஜில் இருந்து கேட்டுக்கு இன்னொரு 1 மெகா ஓம். சிக்னலில் பாதி கேட்டுக்கும் போவதால் இரண்டாவது ஹார்மோனிக் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. எனக்கு அந்த இரண்டு ரெசிஸ்டரால் மட்டும் 26 டெசிபல் இறங்கியது. பெருக்கத்தின் பெரும்பகுதியைச் சாதாரண ரெசிஸ்டர்களிடம் விட்டுவிட்டு, கடைசி இரண்டு மூன்று சதவீதத்தை மட்டும் ஜேஃபெட் பார்த்துக்கொள்ளும்படி வைத்ததும் இன்னும் இறங்கியது.

அப்புறம் மிஞ்சியது மூன்றாவது. அது ஜேஃபெட்டில் இருந்து வரவில்லை. வெளியீட்டை ரெக்டிஃபை செய்துதானே (ஒரே திசை வோல்டேஜாக மாற்றித்தானே) கன்ட்ரோல் வோல்டேஜ் எடுக்கிறோம்? அதில் மிச்சம் இருக்கும் ஏற்ற இறக்கமான ரிப்பிள், அலைவெண்ணின் இரு மடங்கில் இருக்கும். அது பெருக்கத்தை ஆட்டினால், 1 கிலோஹெர்ட்ஸும் 2 கிலோஹெர்ட்ஸும் பெருகி 3 கிலோஹெர்ட்ஸ் பிறக்கிறது. ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் ரிப்பிள் குறையும், ஆனால் அலைவெண்ணை மாற்றும்போதெல்லாம் அலை நிலைக்குவர ஐந்து பத்து வினாடி ஆடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கைநழுவும்.

நான் கடைசியில் வீன் பிரிட்ஜையே விட்டுவிட்டு ஸ்டேட்-வேரியபிள் ஆசிலேட்டருக்குப் போய்விட்டேன். இரண்டு இன்டெக்ரேட்டர் (சிக்னலைத் தொகுக்கும் சுற்று), ஒரு இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் சுற்று). இன்னொரு இன்வெர்ட்டரும் சேர்த்தால் 90 பாகை இடைவெளியில் நான்கு அலைகள் கிடைக்கும், நான்கையும் ரெக்டிஃபை செய்யலாம், ரிப்பிள் சின்னதாகவும் வேகமாகவும் வரும், சின்ன கெப்பாசிட்டரே போதும். இன்னொரு லாபமும் உண்டு. வீன் பிரிட்ஜில் ஓப்-ஆம்பின் இரண்டு கால்களும் வெளியீட்டின் மூன்றில் ஒரு பங்கு ஆடிக்கொண்டே இருக்கும். உங்கள் 5 வோல்ட்டில் அது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல். அந்த ஆட்டமே கொஞ்சம் டிஸ்டார்ஷன் தரும். இன்டெக்ரேட்டரில் இரண்டு கால்களும் கிரவுண்டிலேயே நிற்கின்றன.

திருச்சி

ஐயா, உங்கள் மைனஸ் 94 ஆசிலேட்டரின் எண்தானா என்று எனக்குச் சந்தேகம். எதை மாற்றினாலும் எண் அசையவில்லை என்றால், பெரும்பாலும் அளக்கும் கருவியின் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டோம் என்றுதான் பொருள். சவுண்ட் கார்டின் ஏடிசிக்கும் (சிக்னலை எண்களாக மாற்றும் பகுதிக்கும்) தன் பங்கு டிஸ்டார்ஷன் உண்டு. முழு அளவு சிக்னல் உள்ளே போகும்போது அது கூடும்.

நான் பாலிடெக்னிக்கில் பல வருடம் எலக்ட்ரானிக்ஸ் லேப் எடுத்தவள். மாணவர்கள் செய்யும் வீன் பிரிட்ஜில் 741 ஓப்-ஆம்பும், எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடும்தான் இருக்கும். டயோடு ஒவ்வொரு உச்சியிலும் கொஞ்சம் கடத்தி அலையைத் தட்டையாக்கித்தான் கட்டுப்படுத்துகிறது. பல்பு அப்படி அல்ல. பல சுற்றுகளின் சராசரிச் சூட்டுக்குத்தான் அது அசையும், ஒரு சுற்றுக்குள் நடப்பதைக் கண்டுகொள்ளாது. வில்லியம் ஹியூலெட் 1939-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வேட்டுக்காகச் செய்தது இதைத்தான். அதுவே 200ஏ என்ற பெயரில் ஹியூலெட்-பேக்கார்டின் முதல் பொருளாக வந்தது. அடுத்து வந்த 200பி-யில் எட்டை வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ வாங்கியது. இதைச் சொன்னால் வகுப்பில் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும், ஒரு பல்பில் இருந்து ஒரு கம்பெனியா என்று.

அளவீட்டுக்கு வருகிறேன். ட்வின்-டி நாட்ச் (ஒரு அலைவெண்ணை மட்டும் அமுக்கும் ஃபில்டர்) ஒன்று கட்டுங்கள். உங்களிடம் இருக்கும் அதே 16 கே, 10 நானோவே போதும், ஒவ்வொன்றிலும் நான்கு. நடுவில் பாதி ரெசிஸ்டன்ஸுக்கு இரண்டு 16 கே இணையாக (பேரலலில்), இரட்டைக் கெப்பாசிட்டன்ஸுக்கு இரண்டு 10 நானோ இணையாக. எல்லாம் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். சின்ன பிரீசெட் இரண்டைத் தொடரில் சேர்த்து, மாறி மாறித் திருப்பி 995 ஹெர்ட்ஸை முடிந்தவரை அமுக்குங்கள். 50 டெசிபல் எளிதாகக் கிடைக்கும். பின்னால் ஒரு பஃபர் (சிக்னலை அப்படியே கடத்தும் இடைச் சுற்று) அவசியம், இல்லையென்றால் கார்டின் உள்தடை நாட்சைக் கெடுத்துவிடும். இப்போது கார்டுக்குள் போவது ஹார்மோனிக்கும் கொஞ்சம் மிச்சமும் மட்டும். அதற்குச் சிரமமே இல்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ட்வின்-டி பக்கத்து ஹார்மோனிக்கையும் கொஞ்சம் தின்றுவிடும். இரண்டாவதை 9.1 டெசிபல், மூன்றாவதை 5.1 டெசிபல். படித்த எண்ணோடு இதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணம்

நான் பல்புக்கும் ஜேஃபெட்டுக்கும் பதில் எல்ஈடியும் எல்டிஆரும் (வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்) வைத்துச் செய்தேன். இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்துக் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் மூடினேன். ஹார்மோனிக் மிகவும் குறைவு. ஆனால் 1000 ஹெர்ட்ஸின் இரு பக்கமும் 900-இலும் 1100-இலும் இரண்டு முள். 100 ஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் சப்ளை ரிப்பிள் என்றுதானே நினைப்போம்? ரெகுலேட்டரை மாற்றினேன், பெரிய கெப்பாசிட்டர் போட்டேன், ட்ரான்ஸ்ஃபோமரை மேசைக்குக் கீழே இறக்கினேன். கடைசியில் இரண்டு 9 வோல்ட் பற்றரியில் ஓட்டினேன். அப்போதும் அந்த முட்கள் அப்படியே இருந்தன.

ஒரு நாள் இரவு கரண்ட் போனது. லாப்டாப்பும் பற்றரியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. திரையைப் பார்த்தால் இரண்டு முள்ளும் இல்லை! கரண்ட் வந்து அறையின் டியூப்லைட் எரிந்ததும் இரண்டும் திரும்பி வந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் வினாடிக்கு நூறு முறை மின்னும். அந்த வெளிச்சம், எல்டிஆரின் கால்கள் வெளியே வரும் சின்ன இடைவெளி வழியாக உள்ளே போயிருக்கிறது. கறுப்பு டேப் இரண்டு சுற்று சுற்றினேன். இந்த முறையில் செய்பவர்கள் முதல் நாளே அந்த இரண்டு முனைகளையும் அடைத்துவிடுங்கள்.

மாம்பலம், சென்னை

மேடம் சொன்னது முழுக்கச் சரி. ஞாயிற்றுக்கிழமை ட்வின்-டி கட்டினேன். மூன்றாவது ஹார்மோனிக் மைனஸ் 103 காட்டியது. 5 கூட்டினால் மைனஸ் 98, அதாவது சுமார் 0.0013 சதவீதம். இத்தனை நாள் நான் என் சவுண்ட் கார்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கார்டில் நேரடியாக அளப்பதை நிறுத்திவிட்டேன்.

சிங்கப்பூர் தம்பி சொன்ன ஸ்டேட்-வேரியபிளை அடுத்து எடுக்கிறேன். பல்புக்கு இருக்கும் ஒரு குறை எனக்கும் தெரிந்துவிட்டது. 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்த்தேன். அலை அவ்வளவு மெதுவாகப் போகும்போது இழை ஒவ்வொரு சுற்றிலும் சூடாகி ஆறுகிறது, மூன்றாவது ஹார்மோனிக் மேலே வந்துவிடுகிறது. அதனால் இப்போதைக்கு 100, 1000, 10,000 என்று மூன்று அலைவெண் மட்டும், ரோட்டரி ஸ்விட்சில். இரட்டைப் பாட் (ஒரே தண்டில் திரும்பும் இரண்டு மாறும் ரெசிஸ்டர்) போட்டு எல்லா அலைவெண்ணுக்கும் போகலாம் என்று முதலில் ஆசைப்பட்டேன். அதன் இரண்டு பாகமும் ஒன்றுபோல நகர்வதில்லை, ஒவ்வொரு திருப்பலுக்கும் பல்பு திண்டாடுகிறது.

ஆம்ப்ளிஃபயரையும் அளந்துவிட்டேன். அரை வாட்டில் ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக் வரிசையாக எழுந்து நின்றன. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 6 மில்லிவோல்ட்தான் இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே பயாஸ் பிரீசெட்டைத் திருப்பினேன். 22 மில்லிவோல்ட் வந்தபோது அந்த வரிசை இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டது. ஹீட்சிங்க் கொஞ்சம் கூடுதலாகச் சுடுகிறது, அதற்கு இன்னும் பெரியதாக ஒன்று பார்க்க வேண்டும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து அதே வீணை ரெக்கார்டிங்கைக் கேட்டேன். தந்தி அடங்கும் வரை கேட்டது, கரகரப்பு இல்லை.