பதில்: விதை 'வயபிலிட்டி'க்கு 'உயிர்ப்பு' சரிதானா?

அன்புள்ள ஐயா,

> ஜெர்மினேஷன், வயபிலிட்டி இரண்டுக்கும் 'முளைப்புத்திறன்' ஒன்றே போதும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டாவதை 'உயிர்ப்பு' எனலாம்.

ஒன்று போதாது, ஐயா. ஜெர்மினேஷன் என்பது விதை முளைப்பது, வயபிலிட்டி என்பது அதில் உயிர் இருப்பது; இரண்டும் வேறு. அறுத்தடித்த சூட்டோடு நெல்லை ஈரச்சாக்கில் முடிந்து வைத்தால் சில இரகங்களில் பாதிகூட முளைக்காது. விதை சாகவில்லை, உறங்குகிறது. சில வாரம் போனால் அதே நெல் முளைக்கும்.

வண்டு விழுந்த விதையில் சிக்கல் வேறு. கூன்வண்டு மணியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டை இட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு உள்ளேயே மாவைத் தின்று வளரும். சென்ற மாதம் வீட்டுச் சாக்கிலிருந்து ஓட்டை விழுந்த மக்காச்சோள மணிகள் இருபதைப் பொறுக்கி ஈரத்துணியில் சுருட்டி வைத்தேன். முளைக்கரு தப்பியவை முளைக்கத்தான் செய்தன. ஆனால் நூல் போல ஒரு முளை, வெளுத்துப்போய், ஐந்தாம் நாளே துவண்டது. தின்பதற்கு மாவு மிச்சமில்லை, பாவம். உயிர் உண்டு, முளைப்பும் உண்டு, வீரியம் இல்லை. கோதுமையில் கப்ரா வண்டின் புழுவோ முளைக்கருப் பக்கத்திலேயே முதலில் வாய்வைக்கும். கருவே போனபின் அங்கே முளைப்புப் பேச்சுக்கே இடமில்லை.

'உயிர்ப்பு' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அதற்கு மூச்சு என்றும் பொருள் உண்டு. சேமிப்பைப் பற்றி எழுதும்போது ஈர தானியம் மூச்சுவிட்டுச் சூடேறுவதையும் எழுதியாக வேண்டும். படிப்பவர் எந்த உயிர்ப்பு என்று திகைப்பார். 'கருவுயிர்ப்பு' என்றும் ஒரு யோசனை வந்தது. அது பிள்ளை பெறுதல்!

'உயிர்த்திறன்' என்று வைத்துக்கொள்வோமா? அட்டவணையில் முளைப்புத்திறனுக்கு இணையாக நிற்கும். ஊறிய மணியைப் பிளந்து, உயிருள்ள பகுதியைச் சிவக்கவைக்கும் டெட்ராசோலியம் கரைசலில் இட்டு, கரு சிவந்தவற்றை எண்ணினால் உயிர்த்திறன். துணியில் நன்றாக முளைத்தவற்றை எண்ணினால் முளைப்புத்திறன்.

இன்னொன்று. 'பூச்சிகளால் சேதமடைந்த விதை' என்பதை 'உளுத்த விதை' என்று சுருக்கலாம். நம் விதைச் சான்றளிப்பு விதிகளில் இதற்கான வரம்பு மக்காச்சோளத்துக்கும் பயறு வகைகளுக்கும் 1 சதவீதம், மற்றவற்றுக்கு 0.5 சதவீதம். இத்தனை சிறிய எண்ணுக்கு அவ்வளவு நீளத் தலைப்பா? 'உளுத்த' என்றால் மரம்தான் நினைவுக்கு வருகிறது என்பீர்கள். எங்கள் ஊரில் மொச்சையும் உளுத்துத்தான் போகிறது.

அன்புடன்