மலையகப் பெண்களின் அரசியலில் முதல் அத்தியாயம் யாருக்கு?

கொட்டகலை வாசகி:
எங்கள் வாசகர் வட்டம் இலங்கை மலையகத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்களின் அரசியல் பற்றி மாணவர்களுக்காக ஒரு சிறுநூல் தயாரிக்கிறது. 2024 நவம்பர் 14 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. ஆகவே அவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று குழுவில் பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. முதல் அத்தியாயம் மீனாட்சி அம்மாளுக்கு உரியது.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். ‘தேசபக்தன்’ பத்திரிகையில் அவருடைய எழுத்தும் உழைப்பும் உண்டு. ஐயர் மேடையேறுமுன் அம்மையார் பாடுவார். கூலிக் குறைவு, தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் பிடி, இந்தியத் தொழிலாளரைத் திருப்பியனுப்பும் அரசின் போக்கு எல்லாவற்றையும் அன்று எல்லார் வாயிலும் இருந்த மெட்டுகளில் ஏற்றினார். அவற்றை 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று அச்சிட்டும் வெளியிட்டார். தோட்டத்துக்குள் வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம் என்றிருந்த காலம் அது. ஐயரே புடவை வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார். பாட்டை எந்தக் காவல்காரன் தடுப்பான்? எழுத்தறியாத பெண்ணும் அதைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டுபோவாள்.

பண்டாரவளை சிவா:
அம்மையாரின் துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் நின்றது கணவரின் மேடையில். 1931இலேயே இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. 1936இல் ஹட்டன் தொகுதியில் நின்று வென்று, 1947 வரை அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில் இருந்தவர் ஐயர்தான். அதே சபையில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கின் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். 1932 இடைத்தேர்தலில் வென்று, 1936இல் மறுபடியும் வென்றவர். பெண்ணால் முடியாத காலம் என்று யாரும் சொல்ல முடியாது.

2024இல் நம் மக்கள் வாக்குச்சீட்டில் இந்த இரண்டு பெண்களின் விருப்பு இலக்கத்துக்கு, அதாவது வேட்பாளர் எண்ணுக்கு, நேரே புள்ளடி போட்டார்கள். சொந்தப் பெயரில் வாக்குக் கேட்டு வாங்கினார்களே, அதற்கு என்ன மதிப்பு?

கொட்டகலை வாசகி:
நேசம் அம்மையாரை இழுத்தது நீங்கள்தான், ஆகவே கேளுங்கள். தேர்தல் மனுவில் கணவர் டாக்டர் சரவணமுத்துவின் பதவி பறிபோன பிறகே அந்த இடைத்தேர்தல் நடந்தது. அவருக்கு முன் 1931இல் சபைக்குப் போன முதல் பெண் அடலின் மொலமூரே, தந்தை இறந்து வெற்றிடமான ருவான்வெல்லையில் வென்றவர். குடும்பத்தின் வழியாக வந்தது குறை என்றால் அந்தக் குறை எல்லோருக்கும் உண்டு.

‘பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது’ என்று எளிதாகச் சொல்கிறீர்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு அது முழுதாக வந்ததா? ஐந்து ஆண்டு வதிவிடத்தைக் காட்டு, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழைக் காட்டு என்றார்கள். 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்கும் போயின. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு ஏழு உறுப்பினர்கள். 1952இல் ஒருவரும் இல்லை. வாக்கே இல்லாத சமூகத்துப் பெண் எந்தச் சபைக்குப் போவாள்? சபை ஆசனத்தை அளவுகோலாக வைத்தால் எங்கள் பாட்டிமார், அம்மாமார் எல்லோரும் நூலுக்கு வெளியே நிற்பார்கள்.

பொகவந்தலாவை மகள்:
சிவா அண்ணா, வாசகி அக்கா, இருவரும் 1940ஐயும் 2024ஐயும் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ளவர்களைத் தாண்டிப் போகிறீர்கள். என் அம்மா தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவி. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பார். கூடைக்கு, ஈரத்துக்கு என்று கணக்கப்பிள்ளை கிலோவைக் கழிக்கும்போது எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போனது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, மாலையில் என்னிடம் சொல்லிக் கொப்பியில் எழுத வைப்பார். சங்கக் கூட்டத்தில் அந்தக் கொப்பியைத் தலைவர் கையில் வாங்கிப் பேசுவார். அம்மா கீழே பாயில் உட்கார்ந்திருப்பார். பெயருக்குத்தான் தலைவி, தோட்ட நிர்வாகியான துரையோடு பேசப் போகும் குழுவில் ஒருநாளும் அவரைச் சேர்த்ததில்லை.

1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. அதுவரை மலையில் அதிகம் பேர் பெண்கள், சம்பளம் மட்டும் குறைவு. அந்தக் காலத்தை எழுதாமல் எந்த அத்தியாயம் முதலில் வந்தாலும் எனக்குத் திருப்தியில்லை.

பண்டாரவளை சிவா:
தங்கச்சி, உங்கள் அம்மாவின் கொப்பியைத்தான் நானும் சொல்கிறேன். அதை அவரே எழுந்து வாசிக்கும் இடம் வேண்டும். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் சபைப் பணத்தில் லயத்துப் பாதைக்கு ஒரு லோடு கல் போட முடியாமல் கிடந்தோம். அது 2018இல் திருத்தப்பட்டது பாராளுமன்றத்தில். அதே ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்ததும் சட்டத்தால். எவ்வளவு உருக்கமாகப் பாடினாலும் சட்டத்தை மாற்ற உள்ளே உட்கார்ந்து கையுயர்த்த ஆள் வேண்டும். இதை வாசிக்கப்போகும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, அந்த ஆசனம் தனக்கும் உரியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். பாடகியை முன்னால் வைத்தால், பெண் என்றால் மேடையில் வாழ்த்துப்பா பாடுபவள் என்றே நம் ஆண்கள் படித்துக்கொள்வார்கள்.

கொட்டகலை வாசகி:
கடைசியாகச் சொன்னீர்களே, அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் அவருடைய பாட்டு எதைத் தாக்கியது என்பதை வரிக்கு வரி விளக்கி எழுதப்போகிறேன். அரசின் கொள்கையைப் பெயர் சொல்லிக் கண்டித்து, அச்சிட்டு, கூட்டத்தின் நடுவில் நின்று பாடியதை வாழ்த்துப்பா என்று யாராலும் படிக்க முடியாது. மீனாட்சி அம்மாளை முதலிலிருந்து நகர்த்த மாட்டேன். 1984க்கு ஒரு முழு அத்தியாயம். தங்கச்சி, உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதித் தாருங்கள். 33ஆம் பிரிவைச் சிவா எழுதட்டும்.

பண்டாரவளை சிவா:
எழுதித் தருகிறேன். வரிசைக்குச் சம்மதம் இல்லை. குழுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக் கேட்பேன்.

பொகவந்தலாவை மகள்:
அம்மாவிடம் கேட்டேன். எழுதலாம், ஆனால் கூட்டத்தில் தானே வந்து வாசிப்பதாகச் சொல்கிறார்.